பூஜாங் பள்ளத்தாக்கு: பாட்டியோட ஒரு புரட்டாசி சனிக்கிழமை, நடுவுல சாப்பாட்டுக் கத

மலேசியாவுல கெடா மாநிலத்து பெடோங்ல பொறந்து வளந்தவன் நான், வயசு நாப்பதத் தொடப் போவுது, வீட்லேர்ந்து மெர்போக்ல இருக்குற பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியம் காடியில இருபது நிமிஷம் இருந்தா அதிகம், ஆனா ஸ்கூல் படிக்கிறப்ப வாத்தியாரோட பஸ்ல போனதுதான், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்துல இருக்கறதுன்னாலே அப்படித்தான் போல. கிள்ளான்லேர்ந்து மாமா போன் பண்ணி "டேய், புரட்டாசி சனிக்கு அம்மாவப் பாக்க வர்றோம், அந்தக் கடாரத்துக் கோயிலையும் பாத்துறலாம்"னு சொன்னதாலதான் இந்தத் தடவையாவது கெளம்புனோம். கடாரம்ங்கறது எங்க கெடாவோட பழைய பேரு. பாட்டி, அம்மா, மாமா, அத்தை, அவங்க மக, நான், வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைங்க, மொத்தம் ஒம்பது பேரு ரெண்டு காடி. குடும்பத்தோட போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போவும்.

மொதல்ல நாள் விஷயம். கெடாவுல லீவு வெள்ளி சனி, மாமா இருக்குற சிலாங்கூர்ல சனி ஞாயிறு, ஆக ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒத்து வர்றது சனிக்கிழமை மட்டும்தான். மத்த ஸ்டேட்காரங்க இத மறந்துட்டு ஞாயித்துக்கிழமை வாங்கன்னா, எங்களுக்கு அன்னிக்கு ஸ்கூலு வேலைன்னு எல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமை போறதா இருந்தா மத்தியானம் தொழுகை நேரத்துல மூடுவாங்களான்னு ஒரு தடவ கேட்டுக்கிட்டுப் போங்க.

காலைல ஏழரைக்கு டவுன்ல பழைய கடை வரிசையில இருக்குற நம்ம ஆளு கடையில பசியாறுனோம். மர மேச, மேல சுத்துற காத்தாடி சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், ஏசி கீசி ஒண்ணும் கெடையாது, சுவத்துல முருகன் காலண்டரு. தோச ஓரம் மொறு மொறுன்னு நடுவுல மெத்துன்னு வருது, தேங்கா சட்னி காலைல அரச்சதுதான், வாயில வச்சா தெரிஞ்சிரும். சாம்பாருல முருங்கக்கா கெடந்துச்சு, கத்திரிக்கா கெடந்துச்சு, தண்ணி இல்ல. புரட்டாசின்னு கல்லாவுல இருந்த அக்காவே முந்திக்கிட்டு "இன்னிக்கு அடுப்புல கவுச்சி ஏத்தவே இல்ல, பாட்டிக்குப் பயமில்லாம குடுங்க"ன்னுச்சு. அந்த ஒரு வார்த்தைக்கே பாட்டி ரெண்டு தோச தின்னுச்சு, வீட்ல ஒண்ணுக்கு மேல தொடாது. ஒம்பது பேருக்கு தே, கோப்பி ஓ, வட எல்லாம் சேத்து ஐம்பத்தி ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). சின்னவன் ரோட்டி சானாய்தான் வேணும்னு அழுதான், அது இங்க இல்ல, அதுக்கு ஒரு மார்க் கொறைன்னு அவன் சார்பா எழுதி வச்சிக்கிறேன்.

அப்புறம் நேரா மெர்போக். வழி பூரா செம்பனை (எண்ணெய்ப் பனை), நடு நடுவுல கொஞ்சம் கித்தா (ரப்பர் மரம்), எதுத்தாப்புல ஜெராய் மலை மேகத்தப் போத்திக்கிட்டு நிக்கும். அந்த மலைதான் அந்தக் காலத்துக் கப்பல்காரங்களுக்கு அடையாளம், கடல்லேர்ந்தே தெரியுற ஒசரம், ஆயிரத்தி எரநூறு மீட்டருக்கு மேல. மியூசியம் அந்த மலையடிவாரத்துலதான் இருக்கு, அந்த எடத்துக்கு புக்கிட் பத்து பஹாட்னு பேரு. நாங்க போனப்ப டிக்கெட் எதுவும் கேக்கல, பேர எழுதச் சொன்னாங்க அவ்ளோதான். காடி நிறுத்த எடம் தாராளமா இருக்கு, கழிப்பறையும் பரவால்ல ரகம்.

உள்ள நொழஞ்ச ஒடனே மாமா கேட்ட மொதக் கேள்வி: "கோபுரம் எங்கடா?"

மாமா போன வருஷம்தான் டூர் பேக்கேஜ்ல தமிழ்நாடு போய்ட்டு வந்தவரு. தஞ்சாவூருல எரநூத்திப் பதினாறு அடி விமானத்த அண்ணாந்து பாத்து போட்டோ புடிச்ச மனுஷன், ராஜராஜன் 1010-ல கட்டி முடிச்சது, அவரு மகன்தான் கடாரத்தப் புடிச்சாருன்னு கைடு சொல்லிக் குடுத்திருக்காரு, ஆக கடாரத்துலயும் அப்படி ஒண்ணு ஒசரமா நிக்கும்னு மனசுல கட்டிக்கிட்டே வந்துட்டாரு. இங்க இருக்குறதோ இடுப்பு ஒசரத்துல ஒரு கல்லு மேட, அதுக்கு மேல வானம். "தஞ்சாவூருல கழுத்து வலிக்கப் பாத்தேன், இங்க குனிஞ்சு பாக்கணுமா"ன்னாரு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இம்புட்டு தூரம் வரவச்சிட்டமேன்னு சங்கடம் ஒரு பக்கம்.

அதனால நீங்க போறதுக்கு முன்னாடியே வீட்ல பெரியவங்ககிட்ட சொல்லிருங்க, இது கோபுரம் இல்ல, அஸ்திவாரம். இந்தக் கோயிலுங்களுக்கு அடிப்பகுதி கல்லு இல்லன்னா செங்கல்லு, மேல தூணும் கூரையும் மரம். மரம் இந்த மழைக்கும் கரையானுக்கும் தாங்குமா, ஆயிரம் வருஷத்துல போயே போச்சு. புக்கிட் பத்து பஹாட் கோயில்ல நல்லா உத்துப் பாத்தீங்கன்னா தூணு நிக்க வச்ச வட்டக் கல்லுங்க வரிசையா இருக்கு. நான் அது ஒண்ணத் தொட்டுக் காட்டி, "மாமா இது மேலதான் தூணு, இந்தப் பக்கம் கருவறை, அந்தப் பக்கம் மண்டபம், ஆளுங்க நின்னு கும்பிட்ட எடம் இது"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் அவரு மொகம் மாறுச்சு. அப்புறம் அவரே நடந்து பாத்து, "சரிதான்டா, நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் சைசு"ன்னாரு. கரெக்டா சொன்னாரு, அந்த அளவுதான். கெழக்கப் பாத்த கோயிலு, கருங்கல்லு, பக்கத்துலயே ஆத்துத் தண்ணி சலசலன்னு ஓடுது.

ஒரு ஞாயம் சொல்லணும், நாம பாக்குறது அப்படியே நின்ன கோயில் இல்ல. 1936, 37-ல குவாரிட்ச் வேல்ஸ்னு ஒரு வெள்ளக்காரரு பொண்டாட்டியோட வந்து இந்தப் பக்கம் தோண்டிப் பாத்தாரு, அப்புறம் 1959, 60-ல அலஸ்டர் லாம்ப்னு இன்னொருத்தரு சிதறிக் கெடந்த கல்ல எல்லாம் திரும்ப அடுக்கி நிறுத்துனாரு. பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டி எல்லாம் வேற எடத்துல கெடந்தது, அதையும் பேத்து எடுத்துட்டு வந்து இதே வளாகத்துல வச்சிருக்காங்க. ஒரே எடத்துல பாக்க வசதிதான், ஆனா அது இருந்த வயக்காட்டுலயே பாத்தா வேற மாதிரி இருந்திருக்கும்னு தோணுச்சு எனக்கு. சண்டின்னதும் பெரியவன் தம்பியப் பாத்துச் சிரிக்கிறான், ஏன்னா வீட்ல அவனத்தான் சண்டி சண்டின்னு திட்டுவோம். மலாய்ல அது பழைய கோயிலுக்குப் பேருடான்னு சொல்ல, சின்னவன் அன்னிக்குப் பூரா "நான் கோயிலு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

மியூசியம் கட்டடம் சின்னதுதான், அர மணி நேரத்துல சுத்திடலாம், ஆனா ஒரு பொருளுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்க. கல்லுப் பெட்டி ஒண்ணு இருக்கு, மூடியோட, உள்ள ஒம்பது குழி, நடுவுல ஒண்ணு சுத்தி எட்டு. கோயில் கட்டுறப்ப அடியில வச்சுப் பொதச்சது. நம்ம வீடு கட்டுனாக்கூட நெலப்படி வைக்கிறப்ப கீழ நவதானியம், நவரத்தினம்னு போடுவோமே, அம்மா அதப் பாத்த ஒடனே "இது வாஸ்து பூச சாமான்டா"ன்னுச்சு, எழுதி வச்சிருந்தத நான் படிச்சுச் சொல்றதுக்கு முன்னாடியே. அபிஷேகத் தண்ணி வெளிய போற கல்லுக் கோமுகம், பிள்ளையாரு, பாசி மணிங்க, சீனாவுலேர்ந்து வந்த பீங்கான் ஓடு, அரபு நாட்டுப் பக்கத்துக் கண்ணாடித் துண்டு எல்லாம் இருக்கு. இதெல்லாம் பாத்தாதான் தெரியுது, இது சாமி கும்பிட மட்டும் வந்த எடம் இல்ல, துறைமுகம். கப்பல் காத்துக்குக் காத்திருந்து சரக்கு மாத்துன ஊரு. கூடவே புத்தர் சம்பந்தப்பட்டதும் நெறைய கெடச்சிருக்கு.

கொற ஒண்ணு சொல்லியே ஆவணும், போர்டுல மலாயும் இங்கிலீஷும்தான், நான் பாத்த வரைக்கும் தமிழ் ஒரு வரி இல்ல. பாட்டிக்கும் அத்தைக்கும் நான்தான் போர்டு. குடும்பத்துல ஒருத்தராவது கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க, இல்லன்னா வாட்சப்புல வர்ற கதைய நம்பிக்கிட்டு நிப்பீங்க. அன்னிக்குக்கூட இன்னொரு குடும்பம் வந்திருந்துச்சு, அதுல ஒருத்தரு புள்ளைங்களுக்கு "இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டுன கோயில்"னு சத்தமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்கு வாயி சும்மா இருக்கல, ஆனா வீட்டுக்காரி கையப் புடிச்சு இழுத்துட்டா. ராஜேந்திரன் 1025-ல இங்க வந்தது கோயில் கட்ட இல்ல, படையோட வந்து அடிக்க. கடாரம் கொண்டான்னுதான பேரு, கடாரம் கட்டினான்னு இல்லியே. அதுக்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாலயே இங்க ஊரு இருந்துச்சு, யாவாரம் இருந்துச்சு. இதுல எனக்குப் புடிச்ச சங்கதி, அவரு அப்பா ராஜராஜன் காலத்துல கடாரத்து ராஜாவும் சோழங்களும் நல்ல சிநேகிதம், நாகப்பட்டினத்துல கடாரத்து ராஜா புத்த விகாரம் கட்ட, அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்ங்கற கிராமத்தயே எழுதிக் குடுத்தாரு. ஒரு இருபது வருஷம் போல ஆச்சு, மகன் கப்பலேறி வந்துட்டாரு. மாமாகிட்ட இதச் சொன்னேன், "சொத்துத் தகராறு மாதிரில்ல இருக்கு"ன்னாரு.

பெரியவங்களக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு, மேல சண்டி வரைக்கும் படியும் சரிவுமா இருக்கு. மழை பேஞ்சா பாசி வழுக்கும். பாட்டிக்கு எம்பத்தி மூணு வயசு, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அத்தை மக, நின்னு நின்னு ஏத்துனோம். கொசு மருந்து, தண்ணி, ஒரு கொட இருக்கட்டும். வளாகத்துல சாப்பிட எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல, ஆக வயித்த நெறச்சிட்டே போங்க.

பதினொண்ணரைக்கு கீழ எறங்கி வர்ற வழியில சுங்கை பத்து. செம்பனைக்கு நடுவுல தகரக் கூரை போட்டு வச்சிருக்காங்க, அதுதான் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2009-லேர்ந்து தோண்டுற எடம். கோயிலு மாதிரி ஒரு செங்கல் கட்டடம், அடி வட்டமா இருக்கு, வேற எங்கயும் நான் அந்த மாதிரி பாத்ததில்ல. ஆனா அங்க பெரிய விஷயம் இரும்பு. மண்ணுலேர்ந்து இரும்பு உருக்குன ஒலைங்க இருந்த எடம், துருத்தி ஊதுற மண்ணுக் குழா ஒடஞ்சு ஒடஞ்சு குமியலாக் கெடக்குது, பக்கத்துல இரும்புக் கசடு கருப்பா. மத்தியான வெயில்ல தகரத்துக்கு அடியில நிக்கறது அந்த ஒலைக்குள்ளயே நிக்கற மாதிரி இருந்துச்சு, தப்பு எங்க மேலதான், காலைல மொதல்ல இங்க வந்துட்டு அப்புறம் மலையடிவாரத்துக்குப் போயிருக்கணும். புள்ளைங்க பத்து நிமிஷத்துல காடிக்கு ஓடிட்டாங்க.

பாட்டி மட்டும் நவுரல. கம்பியப் புடிச்சிக்கிட்டு அந்தச் செங்கல்லயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பாட்டி இந்தச் சுத்து வட்டாரத்துத் தோட்டத்துலதான் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டுனது, விடியக் காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்கு நின்னு, நெறன்னு சொல்ற மர வரிசையப் புடிச்சு, தோள் கம்புல காண்டா வாளி தூக்குன ஒடம்பு. "இந்தக் கல்லு எங்க நெறையிலயே கெடந்துச்சுடா"ன்னுச்சு. என்ன பாட்டின்னேன். "ஒரு மேடு இருக்கும், மேட்டு மேல ஒடஞ்ச செங்கல்லு, இப்படித்தான் தட்டையா அகலமா. பசியாற உக்காந்தா மண்ணுல எறும்பு ஏறும்னு தூக்குச் சட்டிய அது மேலதான் வெப்பேன். உங்க தாத்தா அதுல ரெண்ட எடுத்துட்டு வந்து லயத்து வீட்டுல அடுப்புக்கு முட்டுக் குடுத்தாரு." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அது எந்தக் காலத்துச் செங்கல்லோ, நிஜமாவே கோயிலோடதோ இல்ல பழைய கங்காணி வீட்டோடதோ, அந்த மேடும் இப்ப இல்ல, லயமும் இல்ல. "அந்த அடுப்புலதான் உங்கம்மாவுக்கு கஞ்சி காச்சுனேன்"னு சொல்லிட்டு அது பாட்டுக்கு காடியில ஏறிடுச்சு. 2013-ல இதே வட்டாரத்துல பதினோராம் நம்பர் சண்டிய வீடமைப்புக்காக மண்ணள்ளுற மிஷினு விட்டு இடிச்சுட்டாங்கன்னு நாடே பேசுச்சே, அப்ப நான் ரொம்பக் கோவப்பட்டவன். தாத்தா எடுத்த ரெண்டு செங்கல்ல நெனச்சா இப்ப யார்மேல கோவப்படறதுன்னு தெரியல, ஆனா அவருக்கு அடுப்பு வேணும்னுதான எடுத்தாரு, அதுவும் இதுவும் ஒண்ணு இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இப்ப மத்தியானச் சாப்பாடு. இதுலதான் சொதப்புனோம். காலைல போன கடைக்கே போயிருக்கலாம், மாமாதான் "ஏசி இருக்கற எடமாப் போலாம்டா, அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல"ன்னாரு, நானும் டவுன் பக்கம் ஒரு பெரிய வாழையில கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரு வேணாம். வாசல்ல பெரிய பேனரு, புரட்டாசி ஸ்பெஷல், சைவ மட்டன் பெரட்டல், சைவ மீனு, பதினாலு கறின்னு. உள்ள கூட்டம் ஜே ஜேன்னு, ஒரு பக்கம் சைவம் ஒரு பக்கம் அசைவம்னு ரெண்டும் ஓடுது.

சாப்பாடு மோசம்னு சொல்ல மாட்டேன். பாவக்கா வறுவல் மொறு மொறுன்னு நல்லா இருந்துச்சு, ரசம் சூடா மொளகு தூக்கலா வந்துச்சு, மோர் மொளகா கேட்டு வாங்கித் தின்னோம். சைவ மட்டன் எனக்கு எப்பவும் ரப்பரு கடிக்கற மாதிரிதான், புரட்டாசில வெரதம்னு சொல்லிட்டு ஆட்டுக்கறி ருசிய சோயாவுல தேடுறது என்ன கணக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல, அது என் சொந்தக் கருத்து, அத்தை மூணு தடவ வாங்குனாங்க.

ஆனா நடந்தது என்னன்னா, கறி ஊத்துற பையன் கையில நாலு கிண்ணம் சேந்த தூக்கு, சாம்பாரு, பருப்பு, கோழிக் கறி, மீன் கறி. ஆமா, சைவ எலைக்கும் அதே தூக்குதான் வருது. பக்கத்து மேசைக்கு மீன் கறி ஊத்துனான், கரண்டிய அதே தூக்குல சாம்பாரு கிண்ணத்துல உட்டான், அள்ளுனான், பாட்டி எலையில ஊத்துனான். எல்லாம் ரெண்டு செகண்டு. நான் கவனிக்கல, பாட்டி கவனிச்சிடுச்சு. சத்தம் ஒண்ணும் போடல. கையக் கழுவாமலே எலைய மெதுவா மூடுச்சு, ஒரு வா சோறுகூட எடுக்கல. "எனக்குப் பசியில்லடா, நீங்க சாப்புடுங்க"ன்னுச்சு.

மாமா எந்திரிச்சு கல்லாவுல போயி சொன்னாரு. அங்க இருந்தவரு "அங்கள், கூட்டம், பையன் புதுசு, வேற எல போட்டுத் தர்றேன்"னாரு. வேற எல போட்டாலும் அதே தூக்குதான வரும்? அதக் கேட்டதுக்கு பதில் இல்ல. பில்லு வந்தப்ப ஒம்பது எல, நூத்தி இருபத்தாறு வெள்ளி, மேல தண்ணி வேற. மூடுன எலைக்கும் காசு. பதினாலு வெள்ளி எங்களுக்குப் பெருசு இல்ல, மாமா கேட்டது "எங்கம்மா ஒரு வா சாப்புடலயே"ங்கறதத்தான். கடைசில தள்ளிக் குடுத்தாங்க, ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. பேனரு அடிச்ச காசுல சைவத்துக்குன்னு தனியா நாலு கரண்டி வாங்கியிருக்கலாம், அவ்ளோதான் நான் சொல்லுவேன். சாதா நாள்ல கோழி பெரட்டல் திங்கப் போறவங்க தாராளமாப் போங்க, புரட்டாசிக்கும் அமாவாசைக்கும் வெரதக்காரங்களக் கூட்டிட்டுப் போவாதீங்க.

காடியில யாரும் பேசல. மணி மூணு ஆவப் போவுது, பாட்டி வயித்துல காலைல தின்ன தோச மட்டும். அப்பத்தான் ரோட்டோரமா மஞ்சக் கொட, அதுக்குக் கீழ ஒரு மாக்சேக், மலாய்க்கார அம்மா, பீசாங் கோரேங் (வாழப்பழ பஜ்ஜி) போட்டுக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்குச் சந்தேகம், எண்ணெயில மீன் உருண்ட கிருண்ட பொரிச்சிருப்பாங்களோன்னு. பாட்டியே கண்ணாடிய எறக்கி மலாய்ல கேட்டுச்சு, நம்ம புள்ளைங்க ஸ்கூல்ல படிக்கற மலாய் இல்ல, தோட்டத்து மலாய், வடக்கத்தி இழுவையோட. அந்த மாக்சேக் சிரிச்சிக்கிட்டே சட்டியச் சாச்சுக் காட்டி, வாழப்பழமும் கெலெடேக்கும் (சக்கரவள்ளிக் கெழங்கு)தான் பாட்டி, வேற எதுவும் இதுல போட மாட்டேன்னாங்க. பாட்டி ஏழு துண்டு தின்னுச்சு. ஏழு, நான் எண்ணுனேன். மேல் மாவு சிப்ஸு மாதிரி ஒடையுது, உள்ள பழம் கொழ கொழன்னு தேன் மாதிரி, சக்கர போடாத இனிப்பு. ஒம்பது பேருக்கும் பத்து வெள்ளியில முடிஞ்சிச்சு.

அந்தக் கடைக்குப் பேரும் இல்ல போர்டும் இல்ல. மெர்போக்லேர்ந்து பெடோங் திரும்புறப்ப கண்ண எடது பக்கம் வச்சுக்குங்க, மஞ்சக் கொடதான் அடையாளம், ரெண்டரைக்கு மேலதான் சட்டி வெப்பாங்களாம், அஞ்சுக்கெல்லாம் காலியாயிடும்.